யுனிக்ஸ் வலையமைப்பில் வாங்கிக் கணினி வழங்கியை அடையாளம் காணல்

யுனிக்ஸ் வலையமைப்புகளில் பயனர் அமர்ந்து வேலை செய்யும் கணினி வாங்கி (கிளையன்ட்) என்றும், அதற்குப் பயனர் கணக்கு, கோப்பு, முகவரி முதலியவற்றைத் தரும் கணினி வழங்கி (சர்வர்) என்றும் அழைக்கப்படுகின்றன. வாங்கி இயங்கத் தொடங்கும்போது தன்னுடைய வழங்கி எது, அது எந்த முகவரியில் உள்ளது என்பவற்றைக் கண்டறிந்தாக வேண்டும். இந்தக் கண்டறிதலில் பிழை நேர்ந்தால் பயனர் உள்நுழைய முடியாது. உள்நுழைந்தாலும் தம் கோப்புகளைக் காண முடியாது.

இத்தகைய பழுதை "நெட்வொர்க் போய்விட்டது" என்று பொதுவாகச் சொல்வது வழக்கம். ஆனால் கம்பி, சுவிட்ச், வழங்கி ஆகிய மூன்றும் நல்ல நிலையில் இருக்கும்போதே இது ஏற்படலாம். இப்பழுது இரு வகைப்படும். முதல் வகையில் வாங்கிக்கு வழங்கியே கிடைப்பதில்லை. இரண்டாம் வகையில் வாங்கி தவறான ஒரு கணினியைத் தன் வழங்கியாக ஏற்றுக்கொள்கிறது. முதல் வகை உடனே தெரிந்துவிடும். இரண்டாம் வகையில் பிழைச் செய்தி எதுவும் வராமல் போகலாம். ஆகவே அதுவே கண்டுபிடிக்கக் கடினமானதும் ஆபத்தானதும் ஆகும்.

பின்னணி

இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில், கணினிகளின் பெயர்களும் முகவரிகளும் ஒரே கோப்பில் எழுதப்பட்டிருந்தன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் பராமரிக்கப்பட்ட அக்கோப்பை மற்ற இடங்களில் இருந்தவர்கள் அவ்வப்போது படியெடுத்துக்கொண்டனர். கணினிகள் பெருகியபோது இந்த முறை தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் களப்பெயர் முறைமையை (டிஎன்எஸ்) வடிவமைத்தார். இன்றும் அடிப்படையாக உள்ள அதன் வரையறைகள் 1987-இல் வெளியாயின.

இதே காலத்தில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம், ஒரு வளாகத்துக்குள் இருக்கும் கணினிகள் பயனர் பட்டியலையும் கடவுச்சொற்களையும் பகிர்ந்துகொள்ள ஒரு முறையை உருவாக்கியது. அதற்கு முதலில் 'யெல்லோ பேஜஸ்' என்று பெயர். அப்பெயர் பிரித்தானியாவில் பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனத்தின் வணிகக் குறியாக இருந்ததால், பின்னர் வலையமைப்புத் தகவல் சேவை (என்ஐஎஸ்) என மாற்றப்பட்டது. பெயர் மாறினாலும் கட்டளைகள் மாறவில்லை. 'ஒய்பிபைண்ட்', 'ஒய்பிவிச்', 'ஒய்பிகேட்' எனப் பல கட்டளைகள் இன்றும் 'ஒய்பி' என்ற முன்னொட்டோடுதான் தொடங்குகின்றன.

தமிழ்நாட்டு மாணவர்களில் பலருக்கு யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளம் அறிமுகமானது லினக்ஸ் வழியாகத்தான். சென்னை சி-டாக் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ், 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் சேர்த்து நிறுவித் தரப்பட்டது. தனி மடிக்கணினியில் வழங்கி பற்றிய கேள்வி பெரிதாக எழுவதில்லை. பல கணினிகள் ஒரே வழங்கியை நம்பியிருக்கும் ஆய்வகத்தில்தான் அது முதன்மை பெறுகிறது.

மாதிரி ஆய்வகம்

விளக்கத்திற்காக, புதுக்கோட்டை மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் இருக்கக்கூடிய ஓர் ஆய்வகத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். அதில் 30 வாங்கிகள் உள்ளன. முதன்மை வழங்கியின் பெயர் 'வெள்ளாறு', முகவரி 192.168.10.5. துணை வழங்கியின் பெயர் 'அக்னியாறு', முகவரி 192.168.10.6. இரண்டும் அம்மாவட்டத்து ஆறுகளின் பெயர்கள். என்ஐஎஸ் களத்தின் பெயர் 'புதுகை'. மாணவர்களின் கணக்குகள் என்ஐஎஸ் வழியாகவும், அவர்களின் கோப்புகள் என்எஃப்எஸ் எனப்படும் வலையமைப்புக் கோப்பு முறைமை வழியாகவும் வழங்கியிலிருந்து வருகின்றன.

என்ஐஎஸ் களப்பெயரும் இணையத்தில் வழங்கும் களப்பெயரும் வெவ்வேறானவை. இரண்டையும் ஒன்றாகக் கருதி அமைப்பது தொடக்கநிலையில் அடிக்கடி நிகழும் பிழை.

வாங்கி விடை காண வேண்டிய நான்கு கேள்விகள்

வழங்கியை அடையாளம் காண்பது ஒரே செயல் போலத் தோன்றினாலும் அதனுள் நான்கு தனித்தனிக் கேள்விகள் அடங்கியுள்ளன.

1. பெயர்: எந்த வழங்கியைத் தேட வேண்டும்?
2. முகவரி: அப்பெயருக்கு உரிய ஐபி முகவரி எது?
3. சேவை: அந்த முகவரியில் தேவையான சேவை இயங்குகிறதா?
4. மெய்த்தன்மை: விடையளிப்பது உண்மையில் அந்த வழங்கிதானா?

ஒவ்வொரு கேள்விக்கும் விடை வெவ்வேறு இடத்திலிருந்து வருகிறது. 'பிங்' கட்டளைக்கு மறுமொழி வந்தால், அந்த முகவரியில் ஏதோ ஒரு கணினி உயிரோடு உள்ளது என்பது மட்டுமே உறுதி. மூன்றாம், நான்காம் கேள்விகளுக்கு அது விடையாகாது.

வழங்கியைக் கண்டறியும் வழிகள்

ஹோஸ்ட்ஸ் கோப்பு: ஒவ்வொரு யுனிக்ஸ் கணினியிலும் 'இடிசி' கோப்புறைக்குள் பெயர்களையும் முகவரிகளையும் கொண்ட 'ஹோஸ்ட்ஸ்' என்ற உரைக்கோப்பு உண்டு. பெயரைத் தேடும்போது இக்கோப்பை முதலில் பார்ப்பதா, டிஎன்எஸ் வழங்கியை முதலில் கேட்பதா என்ற வரிசையை 'என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப்' கோப்பு முடிவு செய்கிறது. பெரும்பாலான அமைப்புகளில் ஹோஸ்ட்ஸ் கோப்புக்கே முன்னுரிமை. எனவே வழங்கியின் முகவரியை மாற்றிவிட்டு, வாங்கிகளில் பழைய வரியை நீக்க மறந்தால், டிஎன்எஸ் எவ்வளவு சரியாக இருந்தாலும் வாங்கி பழைய முகவரிக்கே செல்லும்.

டெபியன் வழி இயங்குதளங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. நிறுவும்போது கணினியின் சொந்தப் பெயருக்கு 127.0.1.1 என்ற முகவரி எழுதப்படுவது வழக்கம். 127 எனத் தொடங்கும் முகவரிகள் அந்தந்தக் கணினி தன்னையே குறிப்பவை. வழங்கியின் ஹோஸ்ட்ஸ் கோப்பை அப்படியே வாங்கிகளுக்குப் படியெடுத்தால், ஒவ்வொரு வாங்கியும் 'வெள்ளாறு' என்ற பெயரில் தன்னையே தேடிக்கொண்டிருக்கும்.

டிஎன்எஸ்: எந்தப் பெயர் வழங்கியைக் கேட்க வேண்டும் என்பது 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பில் எழுதப்பட்டிருக்கும். லினக்ஸில் வழக்கமாக மூன்று பெயர் வழங்கிகள் வரை மட்டுமே கருத்தில் கொள்ளப்படும். முதலாவது பேசாமல் இருந்தால், இயல்பான அமைப்பில் 5 விநாடி காத்திருந்த பிறகே இரண்டாவது கேட்கப்படும். "எல்லாம் வேலை செய்கிறது, ஆனால் மிக மெதுவாக" என்ற புகாருக்கு இது பொதுவான காரணம். "அப்படி ஒரு பெயர் இல்லை" என்று முதல் வழங்கி விடை தந்தால் அதுவும் ஒரு விடையாகவே கொள்ளப்படும்; இரண்டாவது வழங்கி கேட்கப்படாது. ஆகவே வளாகத்தின் பெயர் வழங்கியை முதலிலும், வெளியுலகப் பெயர் வழங்கியை இரண்டாவதாகவும் எழுதி வைப்பது நம்பத்தக்க மாற்று ஏற்பாடு ஆகாது. வெளியுலக வழங்கிக்கு 'வெள்ளாறு' என்ற பெயர் தெரியாது.

டிஹெச்சிபி: கணினிக்குத் தானாக ஐபி முகவரி வழங்கும் இந்நெறிமுறை, முகவரியோடு பெயர் வழங்கி, வெளிச்செல்லும் வழி முதலிய விவரங்களையும் தருகிறது. என்ஐஎஸ் களப்பெயரையும் என்ஐஎஸ் வழங்கிகளையும் அறிவிக்க இதில் 40, 41 ஆகிய எண்களைக் கொண்ட விருப்பங்கள் உள்ளன. வாங்கி "யாராவது முகவரி தருகிறீர்களா?" என்று வலையமைப்பு முழுவதற்கும் கேட்கும். பொதுவாக முதலில் வரும் விடையே ஏற்கப்படும்.

என்ஐஎஸ் பிணைப்பு: வாங்கியில் இயங்கும் 'ஒய்பிபைண்ட்' என்ற நிரல் வழங்கியுடன் பிணைப்பை ஏற்படுத்துகிறது. இதற்கு இரு வழிகள் உண்டு. 'ஒய்பி.கான்ஃப்' கோப்பில் வழங்கியின் பெயரையோ முகவரியையோ நேரடியாக எழுதலாம். அல்லது, "இந்தக் களத்துக்கு வழங்கி யார்?" என்று பொது அறிவிப்பு செய்து, விடையளிக்கும் கணினியோடு பிணைந்துகொள்ளச் செய்யலாம். பொது அறிவிப்பு முறையில் வாங்கிகளைத் தனித்தனியே அமைக்கும் வேலை குறைவு. ஆனால் அவ்வறிவிப்பு ரூட்டரைத் தாண்டிச் செல்லாது. களப்பெயரை அறிந்த எந்தக் கணினியும் அதற்கு விடையளிக்கலாம்.

வழங்கியைப் பெயரால் குறிப்பிட்டால் அப்பெயருக்கு உரிய முகவரி வாங்கியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் இருக்க வேண்டும். பெயர்களையே என்ஐஎஸ் மூலம் தேடும் அமைப்பில், வழங்கியைக் கண்டுபிடிக்க வழங்கியையே கேட்க வேண்டிய நிலை உருவாகிவிடும்.

பழுதறியும் வரிசை

பழுதைத் தேடும்போது சோதனைகளைப் பாதிக்கப்பட்ட வாங்கியிலிருந்தே செய்ய வேண்டும். வழங்கியின் முன் அமர்ந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். கீழ்க்காணும் வரிசையில் ஒவ்வொரு படியும் முந்தைய படி சரியாக இருப்பதை நம்பியே நிற்கிறது.

1. வாங்கியின் சொந்த முகவரியைப் பார்த்தல். 'ஐபி' கட்டளையில் 192.168.10 எனத் தொடங்கும் முகவரி தெரிய வேண்டும். வேறு தொடர் தெரிந்தால் டிஹெச்சிபி விடை வேறு எங்கிருந்தோ வந்துள்ளது.

2. வழங்கியின் முகவரியை 'பிங்' செய்தல். பெயரைப் பயன்படுத்தாமல் எண் முகவரியையே பயன்படுத்த வேண்டும். சில வழங்கிகள் பிங் கோரிக்கைக்கு விடையளிக்காதவாறு அமைக்கப்பட்டிருக்கலாம் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

3. பெயரைத் தேடுதல். இதற்கு 'கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்', 'டிக்' ஆகிய இரண்டையும் இயக்கி ஒப்பிட வேண்டும். 'டிக்' நேராக டிஎன்எஸ் வழங்கியைக் கேட்கிறது. ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்ப்பதில்லை. 'கெட்என்ட்' மற்ற நிரல்களைப் போலவே என்எஸ்ஸ்விட்ச் வரிசைப்படி தேடுகிறது. இரண்டும் வெவ்வேறு முகவரி தந்தால், ஹோஸ்ட்ஸ் கோப்பில் பழைய வரியோ, தேக்கி வைக்கப்பட்ட பழைய விடையோ உள்ளது என்று கொள்ளலாம்.

4. களப்பெயரைச் சரிபார்த்தல். 'டொமைன்நேம்' கட்டளை 'புதுகை' என்று காட்ட வேண்டும். ஆங்கிலத்தில் எழுதப்படும் இப்பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறாகக் கருதப்படும். ஓர் எழுத்து மாறினாலும் வழங்கி விடையளிக்காது.

5. சேவை இயங்குகிறதா எனப் பார்த்தல். 'ஆர்பிசிஇன்ஃபோ' கட்டளை, வழங்கியில் பதிவாகியுள்ள சேவைகளைப் பட்டியலிடும். என்ஐஎஸ் வழங்கியின் நிரல் எண் 100004, என்எஃப்எஸ் எண் 100003. இப்பட்டியலைத் தருவது 111-ஆம் துறையில் இயங்கும் 'ஆர்பிசிபைண்ட்'. தீயரண் இத்துறையை அடைத்திருந்தால் பிங் வேலை செய்யும். உள்நுழைவு வேலை செய்யாது.

6. எந்த வழங்கியோடு பிணைந்துள்ளது எனக் கேட்டல். 'ஒய்பிவிச்' கட்டளை வாங்கி தற்போது பிணைந்துள்ள வழங்கியின் பெயரைக் காட்டும். இரண்டாம் வகைப் பழுதை வெளிப்படுத்தும் முதன்மைச் சோதனை இதுவே.

7. தரவைப் பெற்றுப் பார்த்தல். 'ஒய்பிமேட்ச்' கட்டளையால் அண்மையில் சேர்த்த ஒரு பயனரின் விவரத்தைக் கேட்க வேண்டும். பழைய பயனர் கிடைத்துப் புதிய பயனர் கிடைக்காவிட்டால், வாங்கி பழைய பட்டியலை வைத்திருக்கும் வழங்கியோடு பேசுகிறது.

இடையில் எந்தப் படியில் விடை பிழையாகிறதோ, பழுது அங்கேயே உள்ளது. அதைச் சரிசெய்யாமல் அடுத்த படிகளில் மாற்றங்கள் செய்வது புதிய பழுதுகளைச் சேர்ப்பதாக முடியும்.

எடுத்துக்காட்டுகள்

மின்தடைக்குப் பின்: 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்தில் மின்கம்பங்களைப் பெருமளவில் சாய்த்தது. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்காயிற்று. அத்தகைய பெருந்தடை அரிது என்றாலும், சில நிமிட மின்தடை ஆய்வகங்களுக்குப் பழகியதே. மின்சாரம் திரும்பியதும் எல்லாக் கணினிகளும் ஒன்றாக இயங்கத் தொடங்குகின்றன. பெரிய வட்டுகளைச் சோதிக்க வேண்டியிருப்பதால் வழங்கி எழ நேரமாகும், வாங்கிகள் முந்திக்கொள்ளும். அவை தேடும் நேரத்தில் வழங்கி இல்லை. எனவே சரியான கடவுச்சொல்லும் தவறு என்று மறுக்கப்படும். மாணவர்கள் கடவுச்சொல்லை மறந்துவிட்டதாக எண்ணி அதை மாற்றித் தருவதில் பயனில்லை. வழங்கி முழுமையாக எழுந்தபின் வாங்கியில் ஒய்பிபைண்ட் சேவையை மீண்டும் தொடங்கினாலே போதும்.

நீண்ட மின்தடைக்குப் பிறகு கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். தாய்ப்பலகையின் சிறு மின்கலம் தீர்ந்திருந்தால் கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். கெர்பரோஸ் முறையில் வாங்கிக்கும் வழங்கிக்கும் இடையே இயல்பாக 5 நிமிட வேறுபாடு வரைதான் ஏற்கப்படும். அதற்கு மேற்பட்டால் வழங்கி சரியாகக் கண்டறியப்பட்டாலும் உள்நுழைவு மறுக்கப்படும்.

பாதிக் கணினிகள் மட்டும் வேலை செய்தல்: வை-ஃபை வசதிக்காக, வீட்டில் பயன்படுத்தும் சிறு ரூட்டர் ஒன்றை யாரோ ஆய்வகச் சுவிட்சில் செருகுகிறார்கள். அதனுள்ளும் ஒரு டிஹெச்சிபி வழங்கி உண்டு. அதன் பிறகு முகவரி கேட்கும் வாங்கிகளில் சில உரிய வழங்கியிடமிருந்தும், சில ரூட்டரிடமிருந்தும் விடை பெறுகின்றன. ரூட்டரின் விடையைப் பெற்றவற்றுக்கு 192.168.0 அல்லது 192.168.1 எனத் தொடங்கும் முகவரி கிடைக்கும். அவற்றில் இணையம்கூட வேலை செய்யலாம். 'வெள்ளாறு' மட்டும் கிடைக்காது. மறுதொடக்கம் செய்தால் சில சரியாகி வேறு சில கெடும். இந்த நிலையின்மையே இப்பழுதின் அடையாளம். முதல் படியான சொந்த முகவரிச் சோதனையிலேயே இது தெரிந்துவிடும்.

பழைய வழங்கி விடையளித்தல்: புதிய வழங்கி வந்தபின் ஓரமாக வைக்கப்பட்ட பழைய கணினியை ஏதோ ஒரு கோப்புக்காக யாரோ இயக்குகிறார்கள். அதில் 'புதுகை' களத்தின் சென்ற ஆண்டுப் பயனர் பட்டியல் அப்படியே உள்ளது. பொது அறிவிப்பு முறையில் அமைந்த வாங்கிகளுள் சில அதனோடு பிணைந்துகொள்கின்றன. முதலாம் ஆண்டு மாணவர்கள் உள்நுழைய முடிவதில்லை. மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குப் பழைய கடவுச்சொல் வேலை செய்கிறது. பிழைச் செய்தி எதிலும் வழங்கியைப் பற்றிய குறிப்பு இராது. செய்முறைத் தேர்வு நாளில் இது நிகழ்ந்தால், பழி மாணவரின் நினைவாற்றல் மீது விழும். 'ஒய்பிவிச்' என்ற ஒரே கட்டளை உண்மையைக் காட்டிவிடும்.

ஒரே முகவரியில் இரு கணினிகள்: 192.168.10.5 என்ற முகவரியை மடிக்கணினி ஒன்றுக்கும் தவறுதலாகக் கொடுத்துவிட்டால், சில வாங்கிகள் வழங்கியையும் சில அம்மடிக்கணினியையும் சென்றடையும். 'ஐபி நெய்' கட்டளை, அந்த முகவரிக்கு உரியதாக வாங்கி கருதும் வன்பொருள் முகவரியைக் காட்டும். அது வழங்கியின் வன்பொருள் முகவரியோடு ஒத்துப்போகாவிட்டால் காரணம் தெளிவாகிவிடும்.

மெய்த்தன்மையும் பாதுகாப்பும்

மேற்கண்டவை கவனக்குறைவால் நேர்பவை. இதே வழியில் தீய நோக்கம் கொண்டவர் ஒருவர் வேண்டுமென்றே போலி வழங்கியை நிறுவவும் முடியும். என்ஐஎஸ் தோன்றிய காலத்தில் வளாக வலையமைப்பில் இருப்போர் அனைவரும் நம்பத்தக்கவர் என்றே கருதப்பட்டது. விடையளிப்பவர் தம்மை நிரூபிக்க வேண்டிய ஏற்பாடு அதில் இல்லை. தரவுகள் மறைகுறியாக்கம் இன்றியே செல்கின்றன. வழங்கியில் உள்ள 'செக்யூர்நெட்ஸ்' கோப்பு எந்த முகவரிகளுக்குத் தரவு தரலாம் என்பதைக் கட்டுப்படுத்தும். ஆனால் அது வழங்கியின் தரவைக் காக்குமே தவிர, வாங்கியைப் போலி வழங்கியிடமிருந்து காக்காது.

பிற்காலத்து முறைகள் நான்காம் கேள்விக்கு நேரடியாக விடை தேடின. எஸ்எஸ்ஹெச் முறையில் வழங்கிக்கு ஒரு திறவி உண்டு. வாங்கி முதல்முறை இணையும்போது அதைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை வேறு திறவி வந்தால் கடுமையான எச்சரிக்கை தருகிறது. வழங்கியில் இயங்குதளத்தை மீண்டும் நிறுவியிருந்தாலும் இவ்வெச்சரிக்கை வரும். அதனால் பழைய பதிவை உடனே அழித்துவிட்டுத் தொடர்வது பலரின் வழக்கமாகிவிட்டது. அழிப்பதற்கு முன், புதிய திறவியின் கைரேகையை வழங்கியின் முன் அமர்ந்து பார்த்து ஒப்பிடுவதே முறை. எச்சரிக்கையின் பயன் முழுவதும் அந்த ஒப்பீட்டில்தான் உள்ளது.

தடுப்பு நடைமுறைகள்

சிறிய ஆய்வகங்களில் கீழ்க்காணும் ஏற்பாடுகள் பெரும்பாலான பழுதுகளைத் தவிர்க்கும்.

1. வழங்கிகளுக்கு நிலையான முகவரி அளித்து, அந்த எண்களை டிஹெச்சிபி பங்கிடும் தொகுப்பிலிருந்து விலக்கி வைத்தல்.
2. ஒய்பி.கான்ஃப் கோப்பில் முதன்மை, துணை வழங்கிகளை நேரடியாக எழுதிப் பொது அறிவிப்பு முறையைத் தவிர்த்தல்.
3. வழங்கியையும் சுவிட்சையும் யுபிஎஸ் இணைப்பில் வைத்து, மின்தடைக்குப் பின் அவற்றை முதலில் இயக்குதல்.
4. ஓய்வு பெற்ற வழங்கியில் என்ஐஎஸ், டிஹெச்சிபி சேவைகளை நீக்கிய பிறகே ஓரம் வைத்தல்.
5. வழங்கிகளின் பெயர், ஐபி முகவரி, வன்பொருள் முகவரி, எஸ்எஸ்ஹெச் கைரேகை ஆகியவற்றைத் தாளில் எழுதி ஆய்வகத்தில் பாதுகாத்தல். வலையமைப்பு பழுதாகும் நாளில் வழங்கிக்குள் உள்ள குறிப்பைத் திறக்க முடியாது.

இன்றைய நிலை

என்ஐஎஸ் படிப்படியாக வழக்கொழிந்து வருகிறது. ரெட் ஹாட் நிறுவனம் தன் நிறுவன லினக்ஸின் 9-ஆம் பதிப்பிலிருந்து அதை நீக்கிவிட்டது. பயனர் விவரத்துக்கு எல்டாப், அடையாள உறுதிக்குக் கெர்பரோஸ், இரண்டையும் வாங்கியில் இணைக்க எஸ்எஸ்எஸ்டி என்ற அமைப்பு இன்று பரவலாகியுள்ளது. புதிய லினக்ஸ் பதிப்புகள் பலவற்றில் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் 127.0.0.53 என்ற முகவரியே காணப்படும். இது கணினிக்குள்ளேயே இயங்கும் இடைநிலைச் சேவையின் முகவரி. உண்மையான பெயர் வழங்கியை அறிய 'ரிசால்வ்சிடிஎல்' கட்டளையைப் பயன்படுத்த வேண்டும்.

கருவிகள் மாறினாலும் பெயர், முகவரி, சேவை, மெய்த்தன்மை என்ற வரிசை மாறவில்லை. எல்டாப் வழங்கி கிடைக்காத வாங்கியிலும் சோதனை அதே முதல் படியில், வாங்கியின் சொந்த முகவரியைப் பார்ப்பதில்தான் தொடங்குகிறது.